காப்புரிமையும் முதல் தேதியும்



தருமபுரிப் பக்கத்து மேட்டுநிலங்களிலும் புறம்போக்குகளிலும் கறுத்துக் கனத்த கட்டிகள் சில கிடப்பதைக் காணலாம். கல் போலிருக்கும், கையில் எடுத்தால் கல்லைவிடக் கனக்கும். இரும்பு உருக்கியபோது கழிந்த சிட்டம் அது. நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில் அவ்விதக் கட்டியொன்றை என் மேசைமீது காகிதங்கள் பறவாமலிருக்க வைத்திருந்தேன். அது என்னவென்று வினவிய மாணாக்கர்க்கு நான் சொல்லி வந்த கதை ஒன்றுண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காப்புரிமை விண்ணப்பங்களைப் பிரிப்பதும் தொடர்வதும் பற்றிய விதிகள். கேட்பதற்கு வறண்ட பொருளே. ஆயினும் அக்கதையின் வழியாகச் சென்றால் அதன் உயிர்நாடி எளிதில் அகப்படும்.

தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பழைய சேலம் சீமையின் கொல்லர்கள் உருக்குச் செய்த முறை உலகப் புகழ் பெற்றது. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டுவர். எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பர். இரண்டையும் சிறு மண்மூசையில் இட்டு, மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, வாயைக் களிமண்ணால் இறுக அடைப்பர். இருபது, இருபத்துநான்கு மூசைகளை உலையிலே வளைவாக அடுக்கித் துருத்தி ஊதுவர். இரண்டரை மணி நேரத்தில் உருக்குக் கட்டி ஆயத்தமாகிவிடும். ஆவாரையும் எருக்கும் நம் ஊர்ப் பாதையோரங்களில் யாரும் திரும்பிப் பாராத செடிகள். கொல்லன் கையில் அவை இரும்பை உருக்காக்கும் கரியாயின.

இம்முறையை எழுதிவைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். அப்பணியை விட்டு, 1830-ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிச் சேலத்துக் கனிமத்தைக் கொண்டு இரும்பு உருக்கியவர். இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1839-இல் அச்சாயிற்று. அதில் ஓர் அருமையான குறிப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் மஷெட் என்பவர் 1800-இலும், மக்கிண்டாஷ் என்பவர் 1825-இலும் உருக்குச் செய்யும் முறைகளுக்குத் தனித்தனியே காப்புரிமை பெற்றனர். அவ்விரண்டின் தத்துவங்களும் நம் கொல்லனுடைய ஒரே மூசைக்குள் அடங்கியிருக்கின்றன என்று ஹீத் சுட்டிக் காட்டினார். கொல்லனோ எங்கும் பதிந்து வைத்தவனல்லன். அவன் பெயரும் நமக்குத் தெரியாது.

பதிந்து வைத்த ஹீத்துக்கு நேர்ந்ததையே இனிச் சொல்லப் போகிறேன்.

அதற்குமுன் காப்புரிமை என்பது யாதெனச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பேட்டன்ட் என்று வழங்குவதும் இதுவே. புதிய பொருளையோ புதிய முறையையோ கண்டவன் அதை ஒளிக்காமல் எழுதி அரசினிடம் கொடுக்கிறான். அதற்கு ஈடாக, அவன் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யலாகாது என்று அரசு ஒரு காலவரை விதிக்கிறது. நம் நாட்டில் இன்று அது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. எழுதிக் கொடுக்கும் ஏட்டில் இரு பகுதிகள் உண்டு. கண்டது இன்னது, செய்வது இவ்வாறு என விளக்குவது விவரணம். அதில் எனக்கு உரியது இவ்வளவு என்று எல்லை கட்டுவது உரிமைக் கோரிக்கை. நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதைப் போன்றது. இந்த ஏடு அலுவலகத்தில் சேர்ந்த நாள் ஒன்று உண்டு. ஒரே பொருளை இருவர் கண்டிருந்தால் யார் முந்தியவர் என்பதையும், அது அன்று புதியதுதானா என்பதையும் அந்த நாளைக்கொண்டே தீர்மானிக்கின்றனர்.

ஹீத் இங்கிலாந்து திரும்பியபின் 1839-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாளிட்ட காப்புரிமை ஒன்றைப் பெற்றார். உருக்கை மூசையில் உருக்கும்போது, மாங்கனீசும் கரியும் கூடிய சேர்மத்தை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை சேர்த்தால் தரமான உருக்குக் கிடைக்கும் என்பது அவர் கண்டது. சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆயின் ஷெபீல்டு நகரத்து உருக்குத் தொழிலையே அது மாற்றியது. அதுவரை நல்ல உருக்குக்குச் சுவீடன் இரும்பையும் ருஷிய இரும்பையும் விலை கொடுத்து வாங்கி வந்தனர். இனி மலிந்த உள்நாட்டு இரும்பும் பயன்படலாயிற்று. விலை வெகுவாகக் குறைந்தது.

இதன்பின் ஹீத் ஒரு படி மேலே சென்றார். அந்தச் சேர்மத்தைத் தனியே செய்வது செலவு மிகுந்த வேலை. மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித் தாரையும் நேரே மூசையில் இட்டுவிட்டால், உலைச் சூட்டில் அவை தாமே சேர்ந்துகொள்ளும். பயன் ஒன்றே, செலவு குறைவு. இதனை ஷெபீல்டில் தம் முகவராயிருந்த அன்வின் என்பவரிடம் கூறினார். ஆனால் புதிய விண்ணப்பமாக எழுதிப் பதிந்துகொள்ளவில்லை. பழைய பத்திரமே இதற்கும் காவல் என்று எண்ணினார் போலும். அக்காலத்தில் காப்புரிமை பெறுவது எளிதன்று. இங்கிலாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 100 பவுனும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து இரண்டையும் சேர்த்தால் 300 பவுனுக்கு மேலும் செலவாகும் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

அன்வின் பிரிந்து சென்று அம்மலிவு முறையைத் தாமே கையாளலானார். பணம் தர மறுத்தார். 'உங்கள் ஏட்டில் எழுதியிருப்பது சேர்மத்தை இடுவது. நான் சேர்மம் எதையும் இடவில்லையே. ஆக்சைடையும் தாரையும்தானே இடுகிறேன்' என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கு ஆண்டுக்கணக்காக நடந்தது. ஒரு நீதிமன்றம் ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் சொல்லின. ஹீத் 1851-இல் காலமானார். அவருக்கு உரியோர் வழக்கைத் தொடர்ந்தனர். இறுதியில் 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. கருத்துக் கூற அழைக்கப்பட்டிருந்த நீதிபதிகளில் பெரும்பாலோர் ஹீத்தின் பக்கம் நின்றனர். எனினும் சபை அதை ஏற்கவில்லை. ஆக்சைடும் தாரும் சேர்மத்துக்கு ஈடாகும் என்பது 1839-இல் எவருக்கும் தெரியாது, ஹீத்துக்கே தெரியாது. தெரியாத ஒன்றை அந்த நாளின் ஏடு எங்ஙனம் காக்கும் என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இத்தீர்ப்பு கொடியது என்று நான் இளமையில் எண்ணினேன். மாணாக்கரின் செய்முறை ஏடுகளைத் திருத்தித் திருத்தி என் கருத்துச் சற்று மாறியது. விதை முளைப்பதைப் பத்து நாள் பார்த்து நாள்தோறும் எழுதி வா என்றால், பத்தாம் நாள் இரவு ஒரே மையில், ஒரே கையெழுத்து ஓட்டத்தில் பத்து நாளையும் எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் நாளில் கண்டதாக எழுதியிருப்பது உண்மையில் மூன்றாம் நாளில் கண்டதுதானா? யார் அறிவார்! பிந்தி அறிந்ததை முந்திய தேதியில் நுழைக்க இடங்கொடுத்தால், தேதி என்பதற்கே பொருளில்லாமற் போய்விடும். நான் மதிப்பெண் குறைப்பதோடு விட்டேன். காப்புரிமை அலுவலகம் என்னைவிடக் கண்டிப்பானது.

ஆயினும், கண்டுபிடிப்பு என்பது ஒரே நாளில் முடிகிற காரியமன்று. அது வளரும், கிளைக்கும். இந்த உண்மைக்கும் தேதியின் கண்டிப்புக்கும் இடையே ஒரு வழி காண்பதற்கே தொடர் விண்ணப்ப விதிகள் எழுந்தன. நம் நாட்டு ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். விடுதலைக்குப்பின் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959-இல் விரிவான அறிக்கை தந்தவர் நீதிபதி இராஜகோபால அய்யங்கார். சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தவர், பின்னர் உச்சநீதிமன்றத்திற்குச் சென்றவர். அவ்வறிக்கையை அடியொற்றி 1970-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 1972 ஏப்பிரல் 20-இல் நடைமுறைக்கு வந்தது. பல திருத்தங்களோடு இன்றும் அதுவே சட்டம்.

நம் ஊர்ப் பொருள் ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம். புளி. தருமபுரிப் பக்கத்தில் புளிக்காலம் வந்தால் வீட்டுத் திண்ணைகளிலெல்லாம் பெண்கள் அமர்ந்து ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல்கள் புண்ணாகும் வேலை. ஒரு கல்லூரி மாணவன் இதற்கு ஓர் இயந்திரம் கண்டான் என்று வைத்துக்கொள்வோம். அதில் இரு புதுமைகள்: ஓட்டை மட்டும் நொறுக்கி உள்ளிருக்கும் சுளை நசுங்காமல் விடுகிற உருளை ஒன்று, சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கித் தள்ளும் சல்லடைத் தட்டு மற்றொன்று. வேலை முற்றுப்பெறுமுன்பே தற்காலிக விவரணம் ஒன்றைக் கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம். அதிலிருந்து 12 மாதத்திற்குள் முழு விவரணம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தான்.

ஒரு விண்ணப்பத்தில் ஒரு கண்டுபிடிப்பே இருக்கவேண்டும், அல்லது ஒரே கருத்தால் கோக்கப்பட்ட தொகுதியாக இருக்கவேண்டும் என்பது விதி. அலுவலர் ஆராய்ந்துவிட்டு, உருளை வேறு, தட்டு வேறு. இவை இரு கண்டுபிடிப்புகள் என்று ஆட்சேபிக்கிறார். இவ்விடத்தில் உதவுவது சட்டத்தின் 16-ஆம் பிரிவு. மாணவன் தட்டைப் பிரித்தெடுத்துத் தனி விண்ணப்பமாகக் கொடுக்கலாம். இதற்குப் பிரிவு விண்ணப்பம் என்று பெயர். பிந்தி வந்ததாயினும் முதல் விண்ணப்பத்தின் நாளே இதற்கும் நாளாகும். தந்தையின் நிலத்தை மக்கள் பாகம் பிரித்துக்கொண்டாலும் மூலப்பத்திரம் பழையதே அன்றோ! ஆட்சேபம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. தானாகவே முன்வந்தும் பிரிக்கலாம்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதல் விண்ணப்பத்துக்குக் காப்புரிமை வழங்கப்படுமுன் பிரித்தாக வேண்டும். வழங்கிய மறுநாள் சென்றாலும் கதவு திறவாது. முதல் ஏட்டில் சாரமாகவேனும் சொல்லப்படாத எதையும் பிரிவு விண்ணப்பத்தில் சேர்க்கலாகாது. ஓரிடத்தில் கோரியதையே மற்றோரிடத்திலும் கோரலாகாது. 20 ஆண்டும் முதல் நாளிலிருந்தே எண்ணப்படும். ஆதலால் பிரிப்பதனால் ஆயுள் நீளாது.

இதில் ஒரு சிக்கல் எழுந்து அண்மையில்தான் தீர்ந்தது. தட்டைப் பற்றி மாணவன் விவரணத்தில் விளக்கமாக எழுதிவிட்டு, உரிமைக் கோரிக்கையில் உருளையை மட்டும் குறித்திருந்தால், தட்டைப் பிரிக்கலாமா? பல கண்டுபிடிப்புகள் கோரிக்கையிலேயே இருந்தால்தான் பிரிக்கலாம் என்று 2022-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தார். சின்ஜென்டா நிறுவனத்தின் வழக்கில் 2023 அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதனை ஏற்கவில்லை. விவரணத்தில் வெளிப்பட்டிருந்தாலே போதும் என்றது. 2024 மார்ச்சு 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள், தற்காலிக விவரணத்தில் வெளியிட்டிருந்த கண்டுபிடிப்பையும், முன்பே பிரித்த விண்ணப்பத்தில் உள்ளதையும்கூடப் பிரிக்கலாமெனத் தெளிவாக்கின. ஆகவே விவரணத்தை நிறைவாக எழுதியவனுக்கு இன்று ஆதாயம் மிகுதி. கோரிக்கையில் விட்டுப்போனதைப் பின்னர் மீட்கலாம், விவரணத்தில் விட்டுப்போனதை மீட்க இயலாது.

அப்படியானால் பிறகு தோன்றியதற்கு என்ன வழி? மாணவன் ஓராண்டு சென்று, இரும்பு உருளைமீது ரப்பர் உறை போட்டால் சுளை இன்னும் நசுங்காது என்று காண்கிறான். முதல் ஏட்டில் ரப்பர் என்ற சொல்லே இல்லை. இதைப் பிரிவு விண்ணப்பத்தில் நுழைக்க முடியாது. முதல் விண்ணப்பத்தைத் திருத்தியும் சேர்க்க முடியாது; திருத்தம் என்பது எழுதியதைக் குறைக்கவும் தெளிவாக்கவும் பிழை நீக்கவுமே. இங்கே 54-ஆம் பிரிவு கைகொடுக்கிறது. கூடுதல் காப்புரிமை என்பது அதன் பெயர். மூலக் கண்டுபிடிப்பின் சீர்திருத்தத்துக்கு மூலத்தின் உரிமையாளரே கேட்கலாம். மூலத்துக்கு வழங்குமுன் இதற்கு வழங்கமாட்டார்கள். மூலத்தோடு பிறந்த பிள்ளைபோல் மூலத்தோடே இதன் காலமும் முடியும். ஆண்டுதோறும் தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. மூலத்தைப் பார்த்தால் இது எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானே என்று, அக்காரணம் ஒன்றை மட்டும் காட்டி இதை மறுக்கவும் கூடாது. இது பெரிய சலுகை. ஆனால் இதன் நாள் இது தாக்கலான நாளே. பழைய நாள் இதற்குக் கிடையாது.

அமெரிக்காவின் முறை நம் முறையினும் தாராளமானது. அங்கே ஒரே கண்டுபிடிப்புக்கும், விவரணத்தை மாற்றாமல் கோரிக்கையை மட்டும் மாற்றி, தொடர்ச்சி விண்ணப்பம் கொடுத்துக்கொண்டே போகலாம்; முந்தியது நிலுவையில் இருக்கும்போதே பிந்தியது வரவேண்டும், முந்தியதைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவே. புதுச் செய்தி சேர்த்துப் பகுதித் தொடர்ச்சியாகவும் கொடுக்கலாம். அதில் பழைய பகுதிக்குப் பழைய நாள், புதிய பகுதிக்குப் புதிய நாள். இத்தாராளம் அத்து மீறியதும் உண்டு. லெமல்சன் என்பவர் 1954-இலும் 1956-இலும் கொடுத்த விண்ணப்பங்களைத் தொடர்ந்தும் பிரித்தும் பல பத்தாண்டுகள் நீட்டினார். அப்போது அங்கே காப்புரிமையின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு; வழங்கும்வரை விண்ணப்பம் இரகசியம். ஆதலால், கடைகளிலெல்லாம் கோட்டுக்குறி படிக்கும் கருவி பரவியபின், அதுவும் தம் பழைய ஏட்டில் உள்ளதே என்று உரிமை கோரிப் பெருந்தொகை வசூலிக்க முடிந்தது. நியாயமற்ற தாமதம் என்று 2004-இல் நெவாடா நீதிமன்றம் அவருடைய காப்புரிமைகளைச் செல்லாதனவாக்கிற்று. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. அதற்குமுன்பே, 1995 ஜூன் 8 முதல் தாக்கலானவற்றுக்கு முதல் நாளிலிருந்து 20 ஆண்டு எனச் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். 2007-இல் அந்நாட்டு அலுவலகம், தொடர்ச்சி இரண்டுக்கு மேல் வேண்டுமானால் காரணம் காட்டவேண்டும் என்று விதி கொண்டுவர முயன்றது, நீதிமன்றம் தடுத்தது, 2009-இல் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். என் கருத்தில், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கோர இடங்கொடாத நம் சட்டமே மேல்.

தமிழ்நாட்டுக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னைக் கிண்டியில் இருக்கின்றது. கல்வி நிறுவனங்களுக்கு 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கட்டணத்தில் நூற்றுக்கு 80 பங்கு குறைப்பு உண்டு. ஹீத் காலத்து 300 பவுனை எண்ணும்போது இது மிகச் சிறு தொகை. ஆண்டுவிழாக் கண்காட்சியில் இயந்திரத்தை வைத்துக் காட்டுமுன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடும்படி ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். கைதட்டல் கிடைத்த பிறகு ஓடினால், இது ஏற்கெனவே உலகறிந்தது என்ற பதில் வரக்கூடும்.

இனி, ஹீத்தின் வழக்கை இன்றைய சட்டத்தின்கீழ் ஒரு கணக்கைப்போலப் போட்டுப் பார்ப்போம். ஆக்சைடும் தாரும் அவருடைய 1839-ஆம் ஆண்டு ஏட்டில் இல்லை. ஆகவே பிரிவு விண்ணப்பம் உதவாது. அமெரிக்கத் தொடர்ச்சியும் உதவாது. கூடுதல் காப்புரிமை உதவும். அதற்குப் புதிய நாளே கிடைக்கும். அதனால் அவருக்கு நட்டமில்லை, ஏனெனில் அந்த நாளில் அம்முறையை அறிந்தவர் அவர் ஒருவரே. வேண்டியதெல்லாம், அன்வினிடம் வாய் திறக்குமுன் அதை எழுதிக் கொடுத்திருப்பதுதான். விடை சரிதானா என்று அவரிடமே கேட்க வழியில்லை. அவர் இறந்தது 1851-இல். அவருக்கு முதலில் அளித்த 14 ஆண்டுத் தவணை முடிந்தது 1853-இல். தீர்ப்பு வந்தது 1855-இல்.